மாதுவும் ஜானகியும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாலிங் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் இம்முறை பாதிக்கு மேல் கிரேஸி மோகனைப் பற்றியவை. சிலவற்றுக்குப் பதில்கள்.

கிரேஸி மோகன் நடிகரா, வசனகர்த்தாவா? (பாலிங் வாசகர்)

இரண்டும்தான், ஆனால் பங்கு சமமில்லை. 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' (2004) படத்தில் டாக்டர் மார்க்கபந்துவாகத் தலைகாட்டுவார். காப்பி கலக்கிவிட்டு வருவதற்குள் அவர் காட்சி முடிந்திருக்கும். படம் முழுக்க மற்றவர்கள் பேசுவதோ அவர் எழுதிய வசனம். நல்ல வரிகளைக் கமலுக்கும் பிரபுவுக்கும் கொடுத்துவிட்டுத் தனக்கு மிச்சத்தை வைத்துக்கொண்ட எழுத்தாளர்!

இவ்வளவு சிரிக்க வைக்க என்ன படித்தார்? (கோலக்கெட்டில் வாசகி)

மெக்கானிக்கல் இன்ஜினியரிங். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தபோது, 1972இல், 'கிரேட் பேங்க் ராபரி' என்ற நாடகத்தை எழுதினார். போட்டியில் பரிசு கொடுக்க வந்தவர் கமல்ஹாசன். பிறகு சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார்.

1976இல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' அவருக்குப் பட்டப் பெயரையும் வாங்கித் தந்தது. 1979இல் சொந்தக் குழு, கிரேஸி கிரியேஷன்ஸ். அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை கே.பாலசந்தர் 1983இல் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார். அதில் கவிஞர் வாலி நடித்தார் என்பது கூடுதல் வேடிக்கை.

சென்னை மயிலாப்பூர்க்காரரின் சிரிப்பு, பால்மரக் காட்டில் வளர்ந்த எங்களுக்கு எப்படிப் பிடிபட்டது? (கூப்பாங், தோட்டத்துப் பெரியவர்)

ஐயா, அவர் படங்களில் மயிலாப்பூர் மட்டுமா பேசுகிறது? 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) காமேஸ்வரன் பாலக்காட்டுத் தமிழ், 'சதி லீலாவதி' (1995) கமலும் கோவை சரளாவும் கொங்குத் தமிழ், 'தெனாலி' (2000) ஈழத் தமிழ். ஆனால் பேச்சுவழக்கை வைத்து மட்டும் அவர் பிழைக்கவில்லை. சைவச் சமையல்காரரின் கல்யாண சாம்பாரில் மீன் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அகராதி எதற்கு?

'அவ்வை சண்முகி'யைப் (1996) பாருங்கள். மாமி வேடத்தில் இருப்பது ஆண். அந்த மாமியையே ஜெமினி கணேசனும் மணிவண்ணனும் துரத்துகிறார்கள். சமையற்கட்டில் இருக்கும் நாசர் வாயைத் திறந்தால் குட்டு உடையும், ஆகவே ஊமை. ஒரே வீட்டில் இத்தனை பொய்கள்! எந்தப் பொய் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கணக்கில்தான் மோகனின் இன்ஜினியர் மூளை வேலை செய்தது. கணக்கு பிசகாததால் கெடாவிலும் சிரிப்பு வந்தது.

'அபூர்வ சகோதரர்கள்' பழிவாங்கும் கதை. அதில் காமெடிக்கு என்ன வேலை? (சுங்கைப்பட்டாணி வாசகர்)

கொலைகாரனைத் தேடும் இன்ஸ்பெக்டர் ஜனகராஜ். அவர் தவறாகத் துப்புத் துலக்கும்போதெல்லாம் மெய்சிலிர்த்துப் பாராட்டும் கான்ஸ்டபிள் ஆர்.எஸ்.சிவாஜி. போலீஸ் இப்படி இருந்தால்தானே பழிவாங்கக் கிளம்பிய அப்பு (கமல்) அடுத்த ஆளைத் தேடிப் போக முடியும்? சிரிப்பே கதையை நகர்த்துகிறது.

எங்கள் பாலிங்கை வைத்து அவர் நாடகம் எழுதியிருந்தால்? (பாலிங் ஆசிரியர்)

1955 டிசம்பர் 28, 29இல் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும் மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கும் உட்கார்ந்து பேசினார்கள். அரசுத் தரப்பு சரணடையச் சொன்னது, சின் பெங் தரப்பு தன் கட்சிக்கு அங்கீகாரம் கேட்டது. இரண்டு நாள் பேசியும் ஒத்துவரவில்லை. அது உயிர்ப் பிரச்சினை, சிரிக்க முடியாது. ஆனால் அந்த அறைக்குத் தேநீர் கொண்டுபோகும் வேலை மோகன் நாடகங்களின் வழக்கமான நாயகன் மாதுவிடம் இருந்திருந்தால், அவருக்கு இரண்டரை மணி நேர நாடகம் தயார்.

சினிமா வந்ததும் நாடகத்தை விட்டுவிட்டாரா? (கூலிம் வாசகி)

இல்லை. 2008இல் மேடையேறிய 'சாக்லேட் கிருஷ்ணா'வில் கிருஷ்ணராகவே வந்தார். மாதுவாகத் தம்பி பாலாஜி. 2019 ஜூன் 10இல், 66 வயதில், மாரடைப்பால் மோகன் காலமான பிறகும் குழுவைத் தம்பி நடத்திவருகிறார்.

என் மனைவி பெயர் ஜானகி. அவர் கதாநாயகிகளும் ஏன் எப்போதும் ஜானகி? (பாலிங், பெயர் வேண்டாம்)

பள்ளியில் அவரை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் ஜானகி. அந்த நன்றிக்கடனால் கௌதமி, மீனா, ஜோதிகா, சிம்ரன், சிநேகா எல்லாரும் கமல் படங்களில் ஜானகி ஆனார்கள். உங்கள் வீட்டு ஜானகிக்குத் தெரியாமல் எழுதிய கடிதம் போலிருக்கிறது. பதிலை வெளியிட்டாகிவிட்டது, இனி சமாளிப்பது மாதுவின் பாடு.