ஹெட்டைத் தேய்த்தால் வேகம் வருமா?

கேள்வி: 100 சிசி பைக்கின் சிலிண்டர் ஹெட்டை வீட்டிலேயே தேய்த்துக் காற்றோட்டத்தைக் கூட்டலாமா?
– ஒரு வாசகர், ராசிபுரம்

பதில்: தாராளமாக. ஆனால் டை கிரைண்டரைக் கையில் எடுத்ததும் காற்று போகும் துளையை (போர்ட்) பெரிதாக்கத்தான் ஆசை வரும். அந்த ஆசையை மட்டும் வீட்டுக்கு வெளியே நிறுத்திவிடுங்கள்! நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் 8,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4,000 முறை மூச்சிழுக்கிறது. 100 சிசிக்கு அது சுமார் 400 லிட்டர் காற்றுதான். வழி அகலமானால் காற்றின் வேகம் குறையும். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும்.

கார்பரேட்டர் பக்கத்துக் குழாயும் ஹெட்டின் துளையும் சேருமிடத்தில் படிபோல ஒரு விளிம்பு நிற்கும். அதையும் வார்ப்புப் பிசிறுகளையும் தேய்த்தாலே பாதி வேலை முடிந்தது. நெய்க்குப் பேர்போன ஊர்க்காரர், வழுவழுப்பில் ஆசை இருக்கும்தான். இருந்தாலும் இன்டேக் பக்கத்தைப் பளபளவென்று ஆக்காதீர்கள். பெட்ரோல் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும். உப்புத்தாள் சொரசொரப்பே அங்கே நல்லது. எக்ஸாஸ்ட் பக்கம் கண்ணாடி மாதிரி மின்னட்டும், கரி குறைவாகப் படியும்.

ஆர்எக்ஸ் 100 என்றால் கதை வேறு. டூ ஸ்ட்ரோக்கில் போர்ட் சிலிண்டர் சுவரிலேயே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்த்தாலும் டைமிங்கே மாறிவிடும். தெரிந்த மெக்கானிக்கிடமே கொடுத்துச் செய்யுங்கள்.

நான்கு ஸ்ட்ரோக் ஹெட்டைத் தேய்க்கும்போது வால்வு சீட்டில் கிரைண்டர் படவே கூடாது. அலுமினியத் துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் கழுவுங்கள். வால்வைப் பூட்டி, போர்ட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். கசிந்தால் வால்வை மறுபடி அரைக்க வேண்டும். வேகத்தைச் சோதிக்க சேலம் ரோடு வேண்டாம். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.