மரத்துக்கு மொட்டையா?

கே: வாசலில் பெரிய வேப்பமரம். காற்றுக்காலத்துக்கு முன் மொட்டையடித்துவிடலாமா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

ப: மொட்டை சாமிக்குப் போடுவது, மரத்துக்கு வேண்டாம்! உச்சியை வெட்டினால் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு. பெருங்காற்றில் அவை எளிதில் முறியும்.

போடிமெட்டு தாண்டினால் ஏலத்தோட்டங்கள். அங்கே தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே ஆட்கள் மரமேறி, நிழல்மரங்களின் பக்கக் கிளைகளைக் கவாத்து செய்கிறார்கள். அந்தக் கைப்பழக்கம் உள்ளவரை அழையுங்கள். கனத்த கிளைக்கு முதல் வெட்டு அடிப்பக்கம். அப்போதுதான் பட்டை உரியாது. கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம்போல் புடைப்பு இருக்கும், அதைத் தொடக்கூடாது. காயத்தை மூடுவது அதுதான்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. சுற்றிலும் சிமென்ட் பூசி வேர் பரவ இடமில்லாத மரம் எளிதில் சாயும். உங்கள் வேம்பின் அடியிலும் அப்படிப் பூசியிருந்தால், வேரில் அடிபடாமல் இந்த வாரமே பெயர்த்துவிடுங்கள்.