பழைய கேமராவின் வயதறிதல்: அகச்சான்றும் புறச்சான்றும்

முன்னுரை

மனிதரிடம் வயது கேட்பது நாகரிகமில்லை. பழைய கேமரா வாங்கும்போது அதைக் கேட்காமல் விடுவது பிழைக்கத் தெரியாத்தனம். ஆனால் கேமராவின் வயதை ஆண்டுக்கணக்கில் சொல்வதில்லை. "ஷட்டர் கவுண்ட் எவ்ளோ?" என்பதே இத்துறையில் வழங்கும் கேள்வி. அக்கேள்விக்கு வரும் விடைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஷட்டர் என்பது சென்சாருக்கு முன்னே இயங்கும் இரு திரைகள். பட்டனை அழுத்தியதும் முதல் திரை விலகும். இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். 8000-இல் ஒரு பங்கு நொடி போன்ற வேகங்களில் சென்சார் முழுதாகத் திறப்பதே இல்லை. இரு திரைக்கும் நடுவே ஒரு கீற்று மட்டும் ஓடிக் கடக்கும். திரை ஓட ஓடத் தேயும். அந்த ஓட்டங்களின் எண்ணிக்கையே ஷட்டர் கவுண்ட். எத்தனை ஓட்டத்துக்குத் தாங்கும் என்று கம்பெனிகளே ஒரு கணக்குச் சொல்கின்றன: கேனான் 5டி மார்க் 3-க்கு 1,50,000, நிக்கான் டி850-க்கு 2,00,000, கேனான் 1டி எக்ஸுக்கு 4,00,000.

டி850 நொடிக்கு 7 படம் எடுக்கும். விரலை எடுக்காமல் அழுத்த முடியுமானால் எட்டு மணி நேரத்துக்குள், அதாவது ஒரே முகூர்த்த நாளில், அதன் ஆயுள்கணக்கு தீர்ந்துவிடும். பேரனை மட்டும் நாளைக்குப் பத்துப் படம் எடுக்கும் தாத்தாவிடம் அதே கேமரா 54 ஆண்டுகள் ஓடும். பேரனுக்கே பேரன் பிறக்கலாம். ஆகவே வாங்கிய பில்லில் உள்ள தேதி சான்றாகாது என்பது பெறப்படும்.

இயல் 1: வாய்மொழி வழக்காறுகள்

விற்பவர் கூற்றுகளை மூவகையாகப் பகுக்கலாம். "வீட்டு யூஸ்தான் சார்" என்பது முதல் வகை. "வாங்கினதுல இருந்து பீரோவுலதான் இருக்கு" என்பது இரண்டாவது. "மச்சான் ஃபாரின்ல இருந்து கொண்டாந்தது, எங்க யாருக்கும் யூஸ் பண்ணத் தெரியல" என்பது மூன்றாவது. சென்னை பர்மா பஜார் ஆனாலும் திருநெல்வேலி ஸ்டூடியோ வாசல் ஆனாலும் இவற்றில் வட்டார வேறுபாடு அதிகமில்லை. இக்கூற்றுகளை நாட்டார் வழக்காறாகப் போற்றலாம். இவற்றை நம்பிப் பணம் எண்ணிக் கொடுக்கலாகாது.

இயல் 2: புறச்சான்றுகள்

உடலில் காணும் தடயங்கள் புறச்சான்று எனப்படும். ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் கறுப்புப் பூச்சு உரிந்து உலோகம் பளபளத்தால், அதில் ஃப்ளாஷ் பலகாலம் ஏறி இறங்கியிருக்கிறது. பிடியின் ரப்பர் உப்பிப் பிரிந்திருந்தால் வியர்வையோடு நெடுநாள் பழக்கம். மற்றதெல்லாம் பழசாக இருக்க, ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக ஒட்டப்பட்டிருந்தால் ஐயம் இரட்டிப்பாக வேண்டும்.

புறச்சான்றுகளில் தலையாயது கேமராப் பை. "வீட்டு யூஸ்" என்று விற்கப்படும் கேமராவின் பையைத் தலைகீழாக உதறும்போது, தையல் இடுக்கிலிருந்து மஞ்சள் தடவிய அட்சதை அரிசி இரண்டு மணி விழுமானால், அந்த வீட்டில் மாதம் எத்தனை கல்யாணம் நடந்தது என்ற வினா எழுகிறது.

இயல் 3: அகச்சான்றுகள்

படக் கோப்புக்குள்ளேயே பொதிந்திருப்பது அகச்சான்று. இங்கே ஒரு போலிச் சான்றை முதலில் விலக்க வேண்டும். கோப்பின் பெயரில் 0347 என்று இருப்பதைக் காட்டி, "மொத்தமே 347 படம்தான் ப்ரோ" என்பார்கள். அந்த நான்கிலக்கம் 9999 வரை போய் மறுபடி 0001-க்கு வந்துவிடும். மெனுவில் போய் நாமே திருப்பியும் வைக்கலாம்.

மெய்ச்சான்று எக்சிஃப் என்னும் குறிப்பில் உள்ளது. 1995-இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட இந்த முறையில், தயாரிப்பாளர் தம் விருப்பப்படி எழுதிக்கொள்ள மேக்கர்நோட் என்றொரு இடம் உண்டு. நிக்கான் தன் எண்ணிக்கையை அங்கே படத்துக்குப் படம் எழுதிவைக்கிறது, பென்டாக்ஸும் எழுதுகிறது. கேனானோ பெரும்பாலான மாடல்களில் படத்தில் எழுதுவதில்லை. கேபிள் போட்டுக் கணினியில் இணைத்து, அதற்கென உள்ள மென்பொருளால் கேட்டால்தான் பல மாடல்கள் வாய் திறக்கும். படத்தில் உள்ளதைப் படிக்க ஃபில் ஹார்வி 2003-இல் வெளியிட்ட எக்சிஃப்டூல் என்ற இலவச நிரல் போதும்.

சுவடிப் பதிப்பில் உள்ள அத்தனை சிக்கலும் இங்கும் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம், படியெடுத்தவர் பாதியை விழுங்கிய ஏடு. அதில் எக்சிஃப் இருக்காது. டாக்குமெண்டாக அனுப்பினால் மூலம் சிதையாமல் வரும். இடைச்செருகலும் உண்டு: வேறொரு புதுக் கேமராவில் எடுத்த படத்தை அனுப்பிவிடுவார்கள். கேமராவின் அடியில் அச்சிட்ட சீரியல் எண்ணையும் எக்சிஃபில் உள்ளதையும் ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

இயல் 4: எண்ணின் எல்லை

எண் மெய்யாகவே இருந்தாலும் முழு உண்மை ஆகாது. வீடியோ எடுக்கும்போது ஷட்டர் ஒருமுறை திறந்து அப்படியே நிற்கும். மூன்று வருஷம் கல்யாண வீடியோவில் வெந்த கேமராவும் கவுண்டில் கன்னி கழியாததாகத் தோன்றலாம். மிரர்லெஸ்ஸில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் திரை அசைவதே இல்லை. 2021-இல் வந்த நிக்கான் இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. இத்துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய எண்ணுவோர் விரைதல் நலம்.

இன்னொன்று: 1,50,000 என்பது சாவு நாள் அல்ல. அதைத் தாண்டி ஓடுவதும் உண்டு; அதற்கு முன்பே நிற்பதும் உண்டு.

முடிவும் பரிந்துரையும்

கவுண்ட் விலை பேச உதவும். வாங்கலாமா என்று தீர்மானிக்கப் போதாது. கண்முன்னே ஒரு படம் எடுக்கச் சொல்லி, மூலக் கோப்பை மெமரி கார்டிலிருந்தே வாங்கிப் படியுங்கள். வெயில் விழும் வெள்ளைச் சுவரை 8000-இல் ஒரு பங்கு நொடியில் எடுங்கள். ஒரு ஓரம் இருண்டாலோ பட்டை விழுந்தாலோ திரை தடுமாறுகிறது. ட்யூப் லைட்டிலோ எல்ஈடியிலோ இதைச் செய்ய வேண்டாம். விளக்கின் சிமிட்டலே பட்டை போட்டு, ஷட்டர்மேல் பழி விழும். ஷட்டர் மாற்ற என்ன ஆகும் என்று மெக்கானிக்கிடம் முன்பே விசாரித்து, கவுண்ட் ஏறியிருந்தால் அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

எண் பொருந்தி, சுவர்ப் படம் சுத்தமாக வந்து, விலையும் படிந்தால் வாங்கிவிடுங்கள். அதற்கு மேலும் ஆராய்ந்துகொண்டிருந்தால், ஆராயத் தெரியாத ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.