ஐரோப்பாவின் கிழக்கு எல்லை: குமுளி

ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது 5. கேரளத்தின் இந்தக் கணக்கை 2025இல் அமெரிக்காவின் 5.6க்குப் பக்கத்தில் நிறுத்தி அமைச்சர்கள் அழகு பார்த்தார்கள். பார்க்கட்டும், உழைத்துச் சேர்த்த பெருமை. ஐரோப்பாவையே எட்டிவிட்டோம் என்று மேடையில் பேசினாலும் கைதட்டலாம். அந்த ஐரோப்பாவின் கிழக்கு எல்லை குமுளி செக்போஸ்ட் என்பதால்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

விடிந்தும் விடியாமலும் தமிழ்நாட்டின் கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஜீப்புகள் கேரளத்துக்கு மலையேறும். ஏழெட்டுப் பேர் உட்காரும் வண்டியில் அதைப்போல் இரண்டு பங்கு பெண்கள், மடியில் தூக்குவாளி. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். ஏலம் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து மண்ணோடு ஓடும் சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும்தான் பறிக்க வேண்டும். அடித்த மருந்து வடிந்து நிற்பதும் அதே தூரில்தான். தலையில் ஒரு துண்டு, வெறுங்கை.

2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்துக்கு ஒரு சோதனை வந்தது. அதில் போட்ட ஏலக்காயை லேபில் பார்த்தால், 14 பூச்சிமருந்துகளின் எச்சம் அளவுக்கு மேல். கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது, 6.65 லட்சம் டின்கள் முடங்கின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பாயசத்தால் பாதகமில்லை என்று இன்னொரு பரிசோதனை வந்து, தடையும் ரத்தானது. அதற்குள் பாயசம் பழசாகிவிட்டது. போகட்டும். ஒரு ஏலக்காய்க்காக இரண்டு நீதிமன்றங்கள், இத்தனை பரிசோதனைகள்! காயில் இத்தனை இருந்தால் பறித்தவள் ரத்தத்தில் எத்தனை இருக்கும் என்று ஒரு மனுவாவது உண்டா? அவளையும் ஒருமுறை பரிசோதித்தார்கள்தான், கோவிட் காலத்தில். அவளிடமிருந்து அவர்களுக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ என்று.

ஜீப் கவிழ்ந்தால் கோட்டயம் மெடிக்கல் காலேஜ் நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே கீழே, தமிழ்நாட்டுக்கு இறக்கு: கம்பம், முடியாவிட்டால் தேனி க.விலக்கு ஆஸ்பத்திரி. உயிர் எங்கே போனதோ அங்கே பதியச் சொல்கிறது 1969ஆம் ஆண்டுச் சட்டம். காய் கேரள ஏற்றுமதிக் கணக்கில், பறித்தவள் தமிழ்நாட்டு இறப்புக் கணக்கில். அடிபடாமல் பிழைத்து, இருமி இருமி வீட்டோடு கிடந்து செத்தால் இன்னும் வசதி. சான்றிதழில் தோட்டத்தின் பெயரே வராது.

தமிழ்நாடு மட்டும் என்ன யோக்கியம்? முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் இன்றைக்கு 142 அடியா, 136 அடியா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தேனியில் சொல்வார்கள். தேக்கடிப் புலியை நாலு வருஷத்துக்கு ஒருமுறை கேமரா வைத்து எண்ணுகிறது மத்திய அரசு. தினமும் மலையேறும் பெண்கள் எத்தனை பேர் என்று இந்த மூன்று அரசுகளில் எதையாவது கேட்டுப் பாருங்கள். விபத்து நடந்த மறுநாள் நாலு ஜீப்பை மறித்து அபராதம் போட்டதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

எனக்கொரு யோசனை. அடுத்த சபரிமலை மண்டல சீசனுக்கு தேவஸ்வம் போர்டு ஏலக்காய் வாங்கும்போது டெண்டரில் ஒரு வரி சேர்க்கட்டும்: மூட்டையோடு, பறித்தவளையும் லேபுக்கு அனுப்ப வேண்டும். விஷம் அளவு மீறினால் மூட்டையைத் திருப்பி அனுப்ப நீதிமன்ற உத்தரவு வேண்டியிருக்கும். அவளைத் திருப்பி அனுப்ப எந்த உத்தரவும் வேண்டாம்.