ஆறா, எட்டா?

உடல், மனம், வேலை, உறவு என்று எல்லா நலனையும் சமமாகப் பேணச் சொல்கிறார்களே, 24 மணி நேரம் போதுமா?

போதாது. நலன்களின் பட்டியலும் வளர்ந்துவிட்டது. 1976இல் அமெரிக்க மருத்துவர் பில் ஹெட்லர் வகுத்த பட்டியலில் உடல், உணர்வு, அறிவு, உறவு, ஆன்மிகம், தொழில் என ஆறு நலன்கள்தாம். பணம் கிடையாது! அதுவும் சுற்றுச்சூழலும் பின்னால் வந்த எட்டு நலன் பட்டியலில்தான் இடம்பிடித்தன. வாடகை வீட்டில் குடியிருப்பவர் யாரையாவது கேட்டிருந்தால், பணம் முதல் வரியிலேயே ஏறியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் சமபங்கு தேவையில்லை. ஆனால் நேரம் இடிக்கும்போது முதலில் வெட்டுப்படுவது தூக்கம். பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது அது வேண்டும். குறைந்தால் மறுநாள் எரிச்சல், மறதி, கண்டதைத் தின்னச் சொல்லும் பசி. அந்த எரிச்சலில் உறவும் தொழிலும் சேர்ந்தே அடிவாங்கும்.