சொந்தப் படகில் விருந்துக்குப் போவது

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே இருப்பது சோலன்ட் நீரிணை. லிமிங்டனில் சீட்டு வாங்கிக் கப்பலேறினால் ஏறக்குறைய 40 நிமிடத்தில் தீவின் யார்மவுத் துறையில் இறங்கலாம். ஆனால் ஹாம்பிள் ஆற்றில் சொந்தப் பாய்ப்படகு வைத்திருப்பவர், தீவிலுள்ள நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போவதென்றால் முதலில் பார்ப்பது நண்பரின் வசதியை அல்ல, நீரோட்ட அட்டவணையை.

காரணம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீரிணையின் மேற்குப் பகுதியில் நீரோட்டம் பலமாகிவிடும்; ஹர்ஸ்ட் முனையில் மணிக்கு 4 கடல் மைலைத் தொடும். சிறு பாய்ப்படகின் வேகமே மணிக்குச் சுமார் 5 கடல் மைல்தான். எதிரோட்டத்தில் சிக்கினால் பாய் புடைக்கும், நுரை பறக்கும், படகுத் தலைவர் கம்பீரமாகச் சுக்கான் பிடிப்பார். கரையிலுள்ள ஒற்றை மரம் மட்டும் அரை மணி நேரமாக அதே இடத்தில் நிற்கும். காற்றும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வீசும் என்பதால், மேற்கே போகிறவர் இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். இதற்கிடையே கயிற்றை இழு, விடு என்று கத்தலுக்கு ஆளாகும் மனைவிக்கு மாலுமி என்று பெயர்.

ஒரு மணி விருந்துக்கு மூன்று மணிக்கு, முழங்கால்வரை ஈரத்தோடு வந்து சேர்வார்கள். துறையிலிருந்து வீட்டுக்கு அழைத்துப்போகக் காரை எடுத்து வருவதும் நண்பர் பொறுப்பு. சாப்பிட உட்கார்ந்ததும் பேச்செல்லாம் நீரோட்டம் திரும்பும் நேரத்தைப் பற்றித்தான். பாயசம் வருமுன் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் இரவும் அங்கேதான். துறையில் படகை நிறுத்தக் கட்டணம் உண்டு. நண்பர் வீட்டில் தங்கக் கட்டணம் இல்லை.