காகத்துக்குப் பசி, அவ்வளவுதான்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அமாவாசைச் சோற்றைக் காகம் கொத்தினால், தாத்தா வந்துவிட்டார் என்போம். உளவியலாளர் லாயிட் மார்கன் 1894-இல் வகுத்த விதிப்படி, ஒரு விலங்கின் செயலுக்குத் தாழ்ந்த மனத்திறனே காரணம் சொல்லப் போதுமென்றால் உயர்ந்ததைத் தேடக் கூடாது. ஆக, காகத்துக்குப் பசி. அதையொட்டிய ஆண்டுகளில்தான் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காகங்களைக் கொண்டுவந்தார்கள். தாத்தாவும் தோட்டத்துக்குத்தான் வந்தார். காகத்துக்குக் கங்காணி இல்லை, அதுதான் வித்தியாசம்.

விதியில் நியாயம் இருக்கிறது. பெர்லினில் கணக்குப் போட்ட ஹான்ஸ் என்ற குதிரை, கேட்பவரின் முகக்குறிப்பைப் பார்த்தே குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று 1907-இல் உளவியலாளர் ஃபுங்ஸ்ட் காட்டிவிட்டார். (முகக்குறிப்பு படிப்பது சின்ன அறிவா என்ன? பல அலுவலகங்களில் பதவி உயர்வே அதற்குத்தான்.)

ஆனால் சியாட்டிலில் முகமூடி போட்டுக் காகம் பிடித்தார்கள் ஆய்வாளர்கள். பிறகு அந்த முகமூடியை எவர் போட்டு நடந்தாலும் ஆண்டுக்கணக்கில் காகங்கள் கரைந்து விரட்டின. மனம், வன்மம் எதுவும் இல்லாமல் இதை விளக்கலாம். நாற்பது பக்கம் ஆகும், எளிமையாக.

கல்யாண வீட்டில் முதல் பந்திக்கே வந்து உட்காரும் சித்தப்பாவிடம் மட்டும் மார்கன் விதி செல்லாது. அவர் பாசத்தால் வந்தவர்.